யாரும் தொடாத புத்தகம் கேட்ட ஹெல்மெட்

உலகத்தில் புத்தகத்தைப் பின்பக்கம் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஒரே வாசகர் ஹெல்மெட்தான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கிரேன் ஓட்டுபவர். ஷிப்ட் முடிந்ததும் மஞ்சள் ஹெல்மெட்டோடு நேரே எங்கள் கிளை நூலகத்துக்கு வருவார். உள்ளே வந்தும் கழற்ற மாட்டார்.

"மேலேருந்து புக்கு வுழுந்தா இன்னா சார் பண்றது?"

நான் அங்கே நூலகர். விதிப்புத்தகத்தில் குடைக்கும் பைக்கும் தடை உண்டு, ஹெல்மெட்டுக்கு இல்லை. விதியில் இல்லாததை நான் தடுத்ததில்லை. இருப்பதை விட்டதும் இல்லை.

அவர் கடைசிப் பக்கத்தைத் திறந்து, அங்கே ஒட்டியிருக்கும் தேதித்தாளைத்தான் பார்ப்பார். ஒரு முத்திரை இருந்தாலும் புத்தகம் அலமாரிக்குத் திரும்பிவிடும்.

"யாராச்சும் படிச்சிருந்தா அவங்களாண்ட கேட்டுக்கலாம் சார். யாருமே தொடலன்னா, உள்ள இன்னா கீதுன்னு யாருக்குத் தெரியும்?"

யாரும் தொடாத புத்தகங்கள் கலை, பண்பாட்டு அலமாரியில் மொத்தமாகக் கிடைத்தன. தேர்வு வழிகாட்டிகளுக்கு அடிதடி நடக்கும். அந்த அலமாரிக்கு ஒட்டடைதான். ஹெல்மெட் இடது மூலையில் தொடங்கினார். கோலத்தைப் பற்றிப் படித்த வாரம், தொழிற்சாலை வாசலில் சாக்பீஸால் புள்ளி வைத்து செக்யூரிட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பச்சைகுத்துவதைப் பற்றிப் படித்த வாரம், கவரைப்பேட்டையில் காய்கறி விற்கும் அம்மாவின் முன்கையைப் பிடித்து, "இந்தப் புள்ளிக்கு இன்னாம்மா அர்த்தம்?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா எடைக்கல்லைத் தூக்கியதாகக் கேள்வி.

ஒரு மாலை, 'அமைதி காக்கவும்' பலகைக்குக் கீழே நின்று கத்தினார்.

"சார்! எங்க நைனா!"

கையில் தெருக்கூத்து பற்றிய புத்தகம். முழுப்பக்கப் புகைப்படத்தில் கிரீடம் வைத்த ஒரு ராணி. கீழே, 'பெண்வேடக் கலைஞர். பெயர் தெரியவில்லை.'

"இவ்வளவு அரிதாரத்துல உங்க அப்பாவை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அவர் இடது கையைப் படத்தின் பக்கத்தில் வைத்தார். அவர் கையிலும் ராணியின் கையிலும் கட்டைவிரலை ஒட்டி ஆறாவது விரல். ராணி அதற்கும் ஒரு மோதிரம் போட்டிருந்தாள்.

"முனுசாமின்னு எழுதிக்கட்டா சார்?" பேனாவை உருவிவிட்டார்.

"புத்தகத்துல எழுதக்கூடாது. அது சேதம்."

"பேரு இல்லாம கீறது சேதம் இல்லியா?"

மேசையில் இருந்த பட்டியலை அவர் பக்கம் நகர்த்தினேன். பல வருடங்களாக யாரும் எடுக்காததால் அடுத்த மாதம் கழிவுக்குப் போகும் நூல்கள். ராணியும் அதில் இருந்தாள்.

ஹெல்மெட் முதன்முறையாக ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"நான் எடுத்துக்கினா போதுமா சார்?"

"ஒரே வாசகர்னு தணிக்கையில அடிச்சிடுவாங்க. பல பேர் எடுக்கணும்."

மறுநாள் வாசலில் ஏழு மஞ்சள் ஹெல்மெட்டுகள். ஏழு பேரும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளிகள். உறுப்பினர் விண்ணப்பங்களில் ஜாமீன் கையெழுத்து எல்லாம் நம் ஆளுடையது.

"இவங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?"

"படம் பாப்பானுங்க சார். நைனா நல்லாத்தான கீறாரு?"

விதிப்புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன். உறுப்பினருக்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டும் என்று எங்குமே இல்லை. ஒருவர் எடுத்து மறுநாள் கொடுக்க, அடுத்தவர் எடுத்தார். ஒடிசாக்காரர் ஒருவர் மட்டும் புத்தகத்தைத் திருப்பித் தராமல் நின்றார்.

"எங்க ஊர்ல கூட ஆம்பள ராணி இருக்கு சார். எங்க மாமா."

தேதித்தாளில் ஏழு முத்திரைகள் விழுந்தன. கழிவுப் பட்டியலிலிருந்து நூலின் பெயரை நீக்கினேன். பிறகு ஒரு பிழைதிருத்தச் சீட்டில் 'பெயர்: முனுசாமி' என்று எழுதி, படத்தின் கீழே ஒட்டி, அலுவலக முத்திரையும் குத்தினேன். என் பணிக்காலத்தில் அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் விதி இருக்கிறதா என்று நான் தேடிப் பார்க்கவில்லை. ஹெல்மெட் அந்த முத்திரையை ஆறாவது விரலால் தடவிப் பார்த்தார்.

இப்போது அவர் காட்டுப்பள்ளிப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். அந்த ஏழு பேரும் எங்கெங்கோ. நான் ஓய்வு பெற்றாயிற்று. தேதித்தாளில் அண்மையில் விழுந்த முத்திரைகள் என் அட்டைக்கு விழுந்தவை. ஒரே வாசகர் என்று தணிக்கையில் அடித்துவிடக்கூடாதே என்று என் மனைவியையும் உறுப்பினராக்கியிருக்கிறேன்.

போகும்போதெல்லாம் அந்த அலமாரியின் மூலையை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்கிறேன், மஞ்சளாக ஏதாவது தெரிகிறதா என்று.