ஒன்பது முடிச்சுகள்

முடிச்சை அவிழ்ப்பது மாசிலாமணிக்குப் பெரிய காரியமில்லை. வலை பின்னிய கை. அவிழ்த்த இடத்தில் நூல் நெளிந்து நின்றதுதான் தொல்லை.

பழவேற்காட்டுக் கோட்டை ஆஸ்பத்திரியில் இரண்டு ஒல்லாந்து வைத்தியர்கள்: ஆபிரகாம் துரை, வில்லெம் துரை. யார் கத்திக்கு எத்தனை பேர் செத்தார்கள் என்று மேலிடம் கணக்குக் கேட்டிருந்தது. கட்டுப் போடுகிற மாசிலாமணி ஆளுக்கொரு நூல் தொங்கவிட்டு, சாவுக்கு ஒரு முடிச்சு போட்டு வந்தான். கணக்கைப் பார்த்து ஒருவரைக் கப்பலேற்றி விடுவார்கள் என்று கோட்டை முழுக்கப் பேச்சு.

ஆபிரகாமுக்கு ஒன்பது. வில்லெமுக்கு இரண்டு.

அநியாயம்! வில்லெம் கொப்புளம் கீறுவதோடு சரி. பிழைக்காது என்று மற்றவர்கள் கைவிட்டதையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொள்பவர் ஆபிரகாம். அவர் போய்விட்டால் தன் அப்பா நைனாவின் மூத்திரப்பைக் கல்லை யார் எடுப்பது? அடுத்த வாரம் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

நெளிவு போக நூலை நனைத்தான், சுருங்கியது. புது நூல் போட்டான். வெள்ளை வெளேரென்று காட்டிக் கொடுத்தது. பழசாகத் தெரிய நண்டுக் குழம்பு தடவினான். பூனை தூக்கிக்கொண்டு போனது.

கடைசியில் இரண்டு நூலையுமே மாற்றினான். மொத்தம் உதைக்கக் கூடாதே! ஆபிரகாமுக்கு ஒன்று, வில்லெமுக்குப் பத்து.

வில்லெம் துரை தன் நூலை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆபிரகாம் துரை பார்த்துவிட்டார். அவருடைய தமிழ், நோயாளிகளிடம் கற்றது.

"இன்னா இது மாசிலாமணி? என் கையில ஒம்போது பேர் செத்தாங்க."

"உங்களுக்கு மறதி தொரை. ஒண்ணுதான்."

"மறக்குமா? பேர் சொல்லவா? காசியம்மாள், சுப்பன்..."

"வேணாம் தொரை!"

"அப்போ சரியா முடிச்சுப் போடு. எங்க தப்பு பண்ணேன்னு நான் பாக்க வேணாமா?"

"ஆவட்டும் தொரை" என்றான். ஆனால் முடிச்சுகளை மாற்றவில்லை. அந்த நூல்களையே கோட்டைக் கேப்டனிடம் கொடுத்துவிட்டான். காசியம்மாளைச் சுமந்து போய்ப் புதைத்தவன் அவன்தான்; அவள் முடிச்சை வில்லெம் நூலில் போட்ட கையை அவனுக்கே பிடிக்கவில்லை. நல்ல மனிதரிடம் பொய் சொன்ன வருத்தமும் சேர்ந்துகொண்டது. நைனாவுக்காகத்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

கப்பல் வந்த அன்று, படகில் ஆபிரகாம் துரையின் பெட்டி ஏறுவதைக் கண்டு கரைக்கு ஓடினான். கேப்டன் வீட்டுச் சமையல்காரி செசிலியா அங்கே நின்றிருந்தாள்.

"ஐயோ செசிலியா, பெட்டியை மாத்தி ஏத்தறாங்க!"

"மாத்தி இல்ல. அவருதான் போறாரு."

"அப்போ எங்க நைனா கல்லை யாரு எடுக்கறது?"

"அதான் வில்லெம் தொரை இருக்காரே."

"அவரு நூல்ல பத்து சாவு! இவருக்கு ஒண்ணே ஒண்ணு! இவரையா தொரத்துறாங்க?"

"தொரத்துறாங்களா? ரெண்டு பேர்ல கெட்டிக்காரரைப் பொறுக்கி பத்தாவியா பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லித்தானே கணக்கே கேட்டாங்க!"