சுறாமுள்ளுக்கு ஒரு கிழமைத் தடை

எனக்கு எழுத்து நேராக வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஞாபகமும் இப்போது முன்னே பின்னே ஓடுகிறது, ஆகவே எந்த வருஷம் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். இரண்டாயிரத்து ஒன்பதுக்குப் பிறகு, மகளின் கல்யாணத்துக்கு முதல். அவ்வளவுதான் தெரியும். குறை நினையாமல் வாசியுங்கள்.

நான் பயந்த பிறவி. பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இத்தனை காலம் இருந்தும், பாண்கடையில் கருகின பாணைத் தந்தால் "மெர்சி" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். (வீட்டில் சுரண்டிவிட்டுச் சாப்பிடலாம்தானே.) இப்படிப்பட்ட என்னிடம் ஒரு காலத்தில், உலகம் முழுக்கப் பரந்திருக்கிற தமிழ் ஆட்களின் வாயை அடைக்கிற அதிகாரம் இருந்தது.

நடந்தது இதுதான். மகள் தர்சினி தன்னுடைய பழைய கணினியை எனக்குத் தந்தாள். இணையத்தில் ஆரும் எழுதலாம், ஆரும் திருத்தலாம் என்று ஒரு தமிழ்க் கலைக்களஞ்சியம் இருந்தது. நான் 'பூவரசு' என்ற பெயரில் ஒளிந்துகொண்டு மீன்களைப் பற்றியும் கீரைகளைப் பற்றியும் எழுதினேன். அங்கே படித்த ஆட்கள் நிறைய, ஆகவே சண்டையும் நிறைய. நான் இடையில் போய், "இரண்டு பேரும் முதல் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுங்கோ" என்று போடுவேன். அதைப் பெரிய பக்குவம் என்று நினைத்து, வாக்கெடுப்பு வைத்து, என்னை நிர்வாகி ஆக்கிவிட்டார்கள். எழுதுகிறவர்களின் நடத்தையைக் கவனிப்பது என் பங்கு. (அது பக்குவமே இல்லை. ஆரோடு கதைத்தாலும் சாப்பிடச் சொல்லாமல் எனக்கு முடிக்கத் தெரியாது.)

அங்கே 'சுறாமுள்' என்று ஒருவர் இருந்தார். பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியற்கூழைப் பற்றிய பக்கத்தில் அவருக்கும் கனடாவில் இருந்த ஒருவருக்கும் போர். கூழுக்கு முருங்கையிலை போட வேண்டும் என்றார் சுறாமுள். தேவையில்லை என்றார் கனடா. சுறாமுள் உடனே, "உன்ரை கொம்மா காய்ச்சினது கூழோ, கழனித்தண்ணியோ?" என்று எழுதிவிட்டார்.

நான் எச்சரித்தேன்: "ஐயா, குறை நினையாதேயுங்கோ. ஆளைப் பற்றிக் கதையாமல் கூழைப் பற்றிக் கதையுங்கோ."

அவர் கனடாவின் தகப்பனைப் பற்றிக் கதைத்தார்.

மறுபடியும் எச்சரித்தேன். இந்த முறை என்னை ஆம்பிளை என்று நினைத்து, "படிச்ச திமிர் பிடிச்ச பெடியன்" என்றார். என்னைப் படித்த ஆள் என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அந்தச் சந்தோஷம் அடங்கியதும், ஏழு நாள் எழுத முடியாதபடி அவருக்கு ஒரு கிழமைத் தடை போட்டேன். அன்றைக்கு நான் தலையை நிமிர்த்திக்கொண்டு கடைத்தெருவில் நடந்ததாக இவர், அதாவது என் மனுசன், இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வந்தார்கள். தர்சினியும் ரமணன் என்ற பிள்ளையும் விரும்பியிருந்தார்கள். தகப்பன் ஓம் என்று சொல்லாமல் தான் கட்ட மாட்டேன் என்று ரமணன் சொல்லிவிட்டான். தகப்பனோ லேசில் தலையாட்டாத மனிதர். முந்தி ஓர் இடத்துச் சம்பந்தத்தைத் தேத்தண்ணி ஆறியிருந்தது என்று சொல்லி முறித்தவராம். தர்சினி இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

"அவருக்குக் கூழ் எண்டால் உயிராம். கூழ் காய்ச்சுங்கோ அம்மா" என்றாள்.

காய்ச்சினேன். நண்டு, இறால், பலாக்கொட்டை, பயத்தங்காய் எல்லாம் போட்டேன். முருங்கையிலையில் கை நின்றது. நிர்வாகி என்றால் நடுநிலைமை வேண்டும் அல்லவா? இலையைத் தனியாக அவித்து, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வைத்தேன்.

ரமணனும் தாயும் தகப்பனும் பாரிசுக்கு வெளியே ஆர்ஜொந்தெயில் இருந்து வந்து இருந்தார்கள். தகப்பன் கோப்பையை வாங்கினார். கிண்ணத்தைப் பார்த்தார்.

"ஏன் தங்கச்சி, இலையைத் தள்ளி வைச்சிருக்கிறியள்? அது என்ன பாவம் செய்தது?"

நான் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"இந்த இலையாலை நான் பட்ட பாடு தெரியுமோ? இன்டர்நெற்றிலை சரியானதை எழுதினதுக்கு ஆரோ ஒரு திமிர் பிடிச்ச பெடியன் என்னை வெளியிலை போட்டிட்டான். பூவரசாம்! ஆள் மட்டும் என்ரை கையிலை அம்பிடட்டும், அவன்ரை வீட்டு வாசலையும் மிதிக்க மாட்டன்!"

அவர் மிதித்துக்கொண்டிருந்தது என் வீட்டுக் கம்பளத்தை.

"மா காணாது போல" என்று ஏதோ உளறிவிட்டு அறைக்குள் ஓடினேன். கணினியைத் திறந்து தடையை நீக்கினேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நீக்கினால் ஆளுக்குச் செய்தி போட வேண்டும் என்று விதி. பதற்றத்தில் என்ன தட்டினேன் என்று பார்க்காமலே அனுப்பிவிட்டு வெளியே வந்தேன். அதற்குள் அவருடைய கைபேசி கிணுகிணுத்தது. கண்ணாடியைப் போட்டு, சபைக்கே கேட்க வாசித்தார்.

"ஆ! விட்டிட்டான்! கேளுங்கோ. 'ஐயா, தடை நீக்கியாச்சு. குறை நினையாதேயுங்கோ. கூழ் ஆறுது, குடியுங்கோ.'"

அவர் கைபேசியைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மோன் தியூ" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டாள் தர்சினி. என் மனுசன் ஒன்றும் விளங்காமல், "இன்னும் கொஞ்சம் விடட்டோ அண்ணை?" என்று அகப்பையோடு நின்றார்.

"பூவரசு... நீங்களோ?"

"ஓம்" என்றேன்.

அவர் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். "ரமணன், வெளிக்கிடு." பிள்ளையின் முகம் வெளுத்துப்போனது. தர்சினி என் கையைப் பிடித்தாள்.

அதுவரை வாயே திறக்காமல் இருந்த ரமணனின் தாய், அசையாமல் கூழைக் குடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"எத்தினை நாள் போட்டனீங்கள்?"

"ஒரு கிழமை, அக்கா."

"அதுதானே பாத்தன், இந்தக் கிழமை வீட்டிலை ஏன் என்னோடை மட்டும் சண்டை கொளுவினவர் எண்டு." கோப்பையை வைத்துவிட்டு மனுசனைப் பார்த்தார். "இருங்கோப்பா. கட்டின நாளிலை இருந்து உங்கடை வாயை அடைக்க ஒருத்தரும் பிறக்கேல்லை எண்டு நினைச்சன். பிறந்திருக்கினம். நான் இந்த வீட்டிலைதான் சம்பந்தம் செய்வன். நீங்கள் வேணுமெண்டால் ரயிலைப் பிடியுங்கோ."

அவர் கதவடி மட்டும் போனார். பிறகு திரும்பி வந்து இருந்து, இலைக் கிண்ணத்தைத் தூக்கிக் கூழுக்குள் முழுவதாகக் கவிழ்த்தார்.

"இப்பதான் கூழ்" என்றார். அதுதான் அவருடைய சம்மதம்.

சொந்த ஆளுக்காகத் தடையை நீக்கியது விதிக்கு மாறு. மற்ற நிர்வாகிகளிடம் நானே அதை எழுதிப்போட்டேன். மரியாதையாகவே என் பதவியை எடுத்தார்கள். சம்பந்திக்குத்தான் பொறுக்கவில்லை. எனக்காக வாதாடப் போய், நிர்வாகிகள் எல்லாருக்கும் மண்டை கழண்டுவிட்டது என்று எழுதினார். அவருக்கு ஒரு மாதத் தடை கிடைத்தது.

இன்றைக்கும் சாப்பாட்டு மேசையில் அவர் குரலை உயர்த்தினால், தர்சினியின் சின்னவள் பிரெஞ்சு வாடையோடு, "அப்பப்பா, கூழ் ஆறுது!" என்று கத்துவாள். அவர் அடங்கிவிடுவார். எங்கள் வீட்டில் ஆரும் சண்டையை முடிக்க வேண்டும் என்றால் இப்போது அதைத்தான் சொல்லுகிறோம். அன்றைக்கு ஆறினது தேத்தண்ணியாக இருந்தாலும் சரி, கோழிக்கறியாக இருந்தாலும் சரி.

இதில் ஆள், நாள், விதி ஏதாவது பிழைத்திருந்தால், விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்துத் திருத்திவிடுங்கள். சம்பந்தியிடம் மட்டும் கேட்க வேண்டாம்.