கிரும் மாமாவின் காலுறை

மனிதர்களில் பெயர்சூட்டிகள் என்று ஓர் இனம் உண்டு. எல்லா ஊரிலும் கிடைப்பார்கள் என்றாலும், நன்றாக விளைந்த ரகம் வேண்டுமானால் எங்கள் ப்ளோவ்டிவ் நகர நர்சிங் பள்ளிக்குத்தான் வரவேண்டும். உடல் பரிசோதனைப் பாடம் தொடங்கி மூன்றே வாரத்தில் முதலாண்டு மாணவிகளுக்கு வேர்வை, வீக்கம், அரிப்பு, இருமல் எல்லாம் மறந்துபோகும். ஒவ்வொன்றுக்கும் லத்தீனிலோ கிரேக்கத்திலோ ஒரு பெயர் வந்து நாக்கில் உட்கார்ந்துகொள்ளும். பெயர் சொல்லியாயிற்றா? விஷயம் முடிந்தது. அப்படித்தான் அவர்கள் மனதார நம்புகிறார்கள்.

முதலாண்டு மாணவி ராலிட்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டில் பீன்ஸ் சூப்பும் சுட்ட மிளகாயும்.

"அப்பா, உங்களுக்கு டயாஃபோரஸிஸ்."

"வேர்க்குதுடி. மிளகாய் காரம்."

"அம்மா, உன் கால்ல எடிமா."

"காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கேன், வீங்காம என்ன செய்யும்? பேருதான் வெச்சுட்டியே, அந்தப் பாத்திரத்தையும் கழுவிடேன்."

கழுவவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் இன்னும் இருநூறு சொற்கள் மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது, பாவம்.

செவ்வாய்க்கிழமை அவளுக்குக் கிடைத்த நோயாளி கிரும். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இருபது வருடச் சர்க்கரை நோயில் பாதங்கள் மரத்துப்போனவர். வார்டின் குளிர்காற்று காலடி வழியாகத்தான் உடம்புக்குள் ஏறும் என்பது அவர் கட்சி. அதனால் தங்கை பின்னிக்கொடுத்த கம்பளிக் காலுறையைப் போட்டது போட்டபடி, நர்ஸ் கண்ணில் படாமல் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருப்பார். ராலிட்சா உச்சி முதல் பாதம் வரை படிவத்தை நிரப்பினாள். கண் பாப்பா, கழுத்து நரம்பு, நுரையீரல் ஓசை என்று ஒவ்வொன்றுக்கும் வாய் நிறைய ஒரு சொல். பாதத்துக்கு வந்தபோது மணி பன்னிரண்டு, பசி. 'தோல் முழுமை, வெப்பம் இயல்பு, புண் இல்லை' என்று முத்து முத்தாக எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

மறுநாள் டாக்டர் அந்தப் படிவத்தைப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கேம்மா. பாதம் சுத்தமா இருக்கு. இவரை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடலாம்."

ராலிட்சாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. கிரும் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"ஏன் பொண்ணே, என் காலைப் பத்தி இவ்வளவு அழகா எழுதியிருக்கியே, எப்போ பார்த்தே? நான் வந்ததுலேருந்து சாக்ஸையே கழட்டலையே."

டாக்டர் படிவத்தை அவளிடமே நீட்டினார். ராலிட்சா குனிந்து காலுறையை உருட்டினாள். குதிகாலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. உப்புநீர் விட்டு ஊறவைத்து மெல்ல உரித்தபோது, உள்ளே விழுந்திருந்த ஒரு சூரியகாந்தி விதை ஓடு சதையில் புதைந்திருந்தது. அதைச் சுற்றி, விளிம்பு கறுத்து, நாணய அகலத்தில் ஒரு குழி. அந்தக் குழிக்கு அவளிடம் பதினொரு சொற்கள் இருந்தன. ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஐயோ, மாமா. வலிக்கலையா?"

"வலிச்சிருந்தா நானே பார்த்திருப்பேனே."

அன்று வீட்டுக்குப் போயிருந்தால் அந்தக் கால் போயிருக்கும். ஐந்து வாரம் வார்டிலேயே கிடந்து, மயிரிழையில் தப்பியது. காலுறையைக் கழற்றிய அன்று மாலை ராலிட்சா வீட்டுக்குப் போய், அம்மாவின் செருப்பைக் கழற்றி, பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பாத்திரம் கழுவினாள். இனத்திலிருந்து ஒருத்தி குறைந்தாள், அவ்வளவுதான். செப்டம்பரில் அடுத்த வகுப்பு வந்துவிடும்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே படித்த உங்களுக்கு இந்நேரம் ஒருவர் நினைவுக்கு வந்திருப்பார். அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரராக இருக்கலாம், நாத்தனாராகவும் இருக்கலாம். 'அட, இவர் அசல் பெயர்சூட்டி' என்று முடிவும் கட்டியிருப்பீர்கள். நல்லது, பெயர் வைத்தாயிற்று. அவருடைய காலுறையை எப்போது கழற்றிப் பார்த்தீர்கள்?