தொப்பியைப் பிடித்த குண்டு எழுத்து

வாயால் அதிகம் பேசாதவர்கள் எழுத்தைப் பெரிதாக எழுதுவார்கள் என்பது என் துணிபு. ஆதாரம் நான் ஒருத்திதான்.

எஹலியகொடப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அப்பா, ரப்பர் ஷீட்டுகளைப் புகையூட்டி உலர்த்தும் புகைக்கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தார். கேகாலையில் ஒரு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை எங்கள் தோட்டத்துக்கு வந்து, விடுதியில் தங்கிப் படிக்க ஒரே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கப் போவதாகச் செய்தி வந்தது. அந்த ஒருத்தி நானாக வேண்டும் என்று ஏங்கினேன் (யாரிடமும் சொல்லவில்லை). வரவேற்பு வளைவுக்கு எழுத்து அமைக்கும் வேலை என்னிடம் வந்ததும், எனக்காக எழுத்துகளே பேசட்டும் என்று முடிவு செய்தேன்.

அதுவரை வளைவுகளில் இருந்தவை சுண்ணாம்புக் குச்சியால் எழுதிய நோஞ்சான் எழுத்துகள். மூக்கை வைத்தால்தான் வாசிக்கலாம். நான் ரப்பர் ஷீட்டில் வெட்டினேன். கோடு எங்கும் ஒரே தடிப்பு, நான்கு விரற்கடை. முனைகளில் கொக்கியும் இல்லை, கூரும் இல்லை. கூராக வெட்டிய மூலைதான் முதலில் கிழிந்தது, ஆகவே எல்லா மூலைகளையும் உருட்டிவிட்டேன். 'வ'வின் வயிற்றுக்குள் ஒரு கோழிமுட்டை நுழையும் இடைவெளிதான். முடிந்தபோது 'நல்வரவு' என்ற ஐந்து எழுத்தும், பந்தி முடிந்து சாய்ந்திருக்கும் ஐந்து சம்பந்திகளைப் போலிருந்தன.

புகையூட்டிய ஷீட் பழுப்பு, ஊட்டாதது வெளுப்பு. பச்சைத் தென்னோலையின் மேல் வெளுப்பே எடுப்பு என்று அதையே எடுத்தேன். (புகைக்கூடத்துக்காரர் மகள் செய்யத் தகாத பிழை. பிறகு தோட்டமே எனக்குத் தனித்தனியாக விளக்கியது.)

எட்டு மணிக்கு வரவேண்டிய கார் பதினொன்றுக்குத்தான் வந்தது. அதற்குள் வெயிலில் எழுத்துகள் இளகி நீளத் தொடங்கியிருந்தன.

"ஏ புள்ள, ஒன் எழுத்துக்கு வேர்த்து ஊத்துதுடி!" என்றாள் அம்மா.

ஏணி தேடுவதற்குள் ஆசிரியை வளைவின்கீழ் வந்துவிட்டார். 'வு'வின் வால் அவர் தொப்பியில் ஒட்டியது. அவர் நடந்தார், வாலும் கூடவே வந்தது. ஒரு முழம். இரண்டு முழம். வரவேற்புக்கு அடித்துக்கொண்டிருந்த தப்பு மேளம் நின்றது. பிறகு தொப்பி மட்டும் பின்னோக்கிப் பாய்ந்து, வளைவில் தொங்கி ஆடியது.

அப்பா ஓடிவந்தார். "பொக காட்டாத பச்ச ஷீட்டப் போயி வெயில்ல கட்டுவாங்களா? கைப்புள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

"ஆர் வெட்டினது?" என்றார் ஆசிரியை. அவர் யாழ்ப்பாணத்தவர்.

"நான்தாங்க." என் வாழ்வில் அவ்வளவு சிறிய எழுத்தில் நான் எதையும் சொன்னதில்லை.

அவர் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "தூரத்து ரோட்டு முடக்கிலையே வாசிச்சிட்டன், பிள்ளை. கண்ணாடி போடாமல்! இவ்வளவு தொங்கியும் வாசிக்கேலுது. எழுத்திலை பிழையில்லை, வெயிலையும் ஒருக்கால் கேட்டிருக்கலாம். மிச்சத்தை எங்கட பள்ளிக்கூடத்திலை வந்து படியும்."

அம்மா அழுதாள். அப்பா ஏணியில் நின்றபடி தொப்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மாலைகள் கொண்டுவந்திருந்த துணிக்கடைக் காசிம் நானா என் அருகில் வந்து, "மகள், ஏன்ட கடைக்கும் அந்தக் குண்டெழுத்துல ஒரு போர்ட் எழுதித் தாங்க. பெயிண்ட்ல. ரப்பர் வாணாம்" என்றார்.

அந்தப் பலகை இன்றும் எஹலியகொடச் சந்தியில் பஸ்ஸுக்குள்ளிருந்தே தெரிகிறது. நான் இப்போது கல்லூரியில் இலக்கியம் பயில்கிறேன். விடுமுறைக்கு வந்து வாசலில் கால்வைத்ததும் அப்பா உள்ளே குரல் கொடுப்பார்: "மக வந்துருச்சு, எல்லாரும் தொப்பியப் புடிச்சுக்குங்க!"

எங்கள் வீட்டில் யாருக்கும் தொப்பி கிடையாது. இருந்தும் ஒருவர் விடாமல் தலையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.