ஞானக்கண்ணரும் உடையாத காலும்

மாடிப்படி முழுக்கக் கூட்டம். மேலே வாடகை அறையில், கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார் ஞானக்கண்ணர். மூடிய கண்ணாலேயே நம் வீட்டையும் போன வாரச் சண்டையையும் பார்த்துவிடுவாராம். ஒரே நிபந்தனை: மூன்று நாள் முன்னதாகப் பெயரும் போன் நம்பரும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஞானத்துக்கு நம்பர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் ஞானம் கோபித்துக்கொள்ளும் அல்லவா!

வரிசையில் நின்ற நர்ஸ் அக்கா தங்கையிடம் உருகினாள். "போன தடவை, பெரிய நர்ஸ் பண்ற தொல்லையை அப்படியே சொன்னாருடி! வேலையை விட்டுடுன்னாரு. இதோ ராஜினாமாக் கடிதம். அவர் கை பட்டதும் கொடுத்துடுவேன்."

ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான தங்கை பதறினாள். அக்காவுக்கு அது பதினாறு வருஷ வேலை! "அந்தத் தொல்லையை நீதானே அக்கா போன்ல ஊருக்கே எழுதிப் போட்டே?"

"அவர்கிட்ட போனே கிடையாதுடி!"

தங்கையும் பெயர் கொடுத்திருந்தாள். கொடுத்த கையோடு, கட்டுப் போட்ட கால் படம் ஒன்றைத் போனில் எல்லாரும் பார்க்கும் தன் பக்கத்தில் போட்டு, "என் வீட்டுக்காரர் ஏணியிலேர்ந்து விழுந்துட்டார். இடது கால் போச்சு" என்று எழுதியிருந்தாள். அந்த வீட்டுக்காரர் இப்போது அவள் பின்னால் நின்று வேர்க்கடலை மென்றுகொண்டிருந்தார்.

அவள் முறை வந்தது. ஞானக்கண்ணர் நெற்றியைச் சுருக்கினார். "ஏணி தெரியுது... இடது கால்... உன் புருஷன் படுத்த படுக்கையா கிடக்கிறான், தாயே!"

"நான்தாங்க அந்தப் புருஷன்" என்று முன்னால் வந்தவர், இடது காலிலேயே பத்துத் தடவை குதித்தார். கடலை சிதறியது. அக்கா வாயைப் பிளந்தாள்.

பின்வரிசையில் ஒரு குரல்: "எழுந்து குதிக்க வச்சுட்டாருய்யா!"

கூட்டம் கைதட்டியது. ஞானக்கண்ணரும் கூசாமல் கையைத் தூக்கி ஆசி வழங்கினார்.

தலையில் அடித்துக்கொண்ட தங்கை, அவர் பின்னாலிருந்த திரையை இழுத்தாள். அங்கே சிஷ்யர், மடியில் நாலு போன். ஞானக்கண்ணரின் காதில் சொருகியிருந்த கருவிக்கு மும்முரமாக வாசித்துக்கொண்டிருந்தார்: "அடுத்தது மீசைக்காரர். குடும்பம் ஊருக்குப் போயிருக்காம். ஞாயிறு வரைக்கும் பகல்ல வீடு பூட்டிக் கிடக்குமாம். அவரே போட்டிருக்கார்."

மீசைக்காரர் செருப்பைக்கூடத் தேடாமல் வீட்டுக்கு ஓடினார்.

அக்கா கடிதத்தை நாலாகக் கிழித்தாள். வெட்கமாக இருந்தது. "எல்லாரும் பார்க்காத மாதிரி இதை எங்கேடி மாத்தறது?" என்று போனை நீட்டினாள்.

நாம் ஊருக்கே ஒலிபரப்பியதை நம்மிடமே திருப்பிச் சொல்பவர் ஞானி என்றால், எதிரொலிக்கும் ஒரு கும்பிடு போட்டுவிடலாம். கையைக் கூப்புமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இவருக்கு இதை யார் சொன்னது? கண்ணாடியைப் பாருங்கள், ஆள் அங்கேதான் நிற்கிறார்.