நாலு பக்கமும் நல்லாயிருந்த ஷெட்

வீட்டின் பின்புறத்தில் ஒரு ஷெட் இல்லாத ஆண்மகனை இங்கிலாந்தில் முழு மனிதனாக யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் தெருவில் அப்படி ஒரு குறையோடு வாழ்ந்தவர் எதிர்வீட்டு கிளைவ் ஓல்ட்ராய்ட்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகளுக்கு வசந்தத்தில் பிரசவம். பேரக்குழந்தைக்குத் தன் கையாலேயே தொட்டில் செய்வதென்று முடிவுசெய்து, மரம் கடையும் எந்திரம் ஒன்று வாங்கினார். வைக்க இடமில்லாமல் அதைச் சாப்பாட்டு மேஜைமேலேயே முடுக்கிவிட்டார். கிறிஸ்துமஸ் விருந்துக்கு அந்த மேஜை வேண்டும் என்றாள் மனைவி மேவிஸ். தொட்டில், விருந்து, இரண்டும் நியாயம்தான். மேஜைதான் ஒன்று.

ஆகவே ஷெட். மரத்தில் கட்டினால் எங்கள் ஊர் மழைக்கு ஊறிப்போகும், வருஷா வருஷம் எண்ணெய் பூச வேண்டும். கான்கிரீட்டில் கட்டினால் சுவர் வியர்த்து உளியெல்லாம் துருப்பிடிக்கும். கிளைவ் நல்ல மனிதர், அக்கம்பக்கத்தைக் கேட்டே முடிவெடுப்போம் என்று கிளம்பினார். இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர் அந்தத் தப்பை எப்படிச் செய்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வலப்பக்கத்து மிஸஸ் பென்டில் டீ ஊற்றிக்கொடுத்துச் சொன்னாள்: "கான்கிரீட்டா? ரொம்ப நல்லாயிருக்குமே! மரமா? அதுவும் ரொம்ப நல்லாயிருக்கும். உங்க இஷ்டம் கிளைவ்."

இடப்பக்கத்துப் பல்மருத்துவர் லாங்ஸ்டாஃப், "அருமையான யோசனைங்க" என்றார். பின்வீட்டு ஜாஸ்பர் தன் ஷெட்டுக்குச் சாம்பல் நிறம் அடித்து, உள்ளே மண்வெட்டிக்குப் பதிலாக யோகாப் பாய் விரித்து, அதைத் 'தோட்ட அறை' என்று அழைத்துக்கொண்டிருந்த நாகரிக வாலிபன். அவனும், "சூப்பர் கிளைவ், துணிச்சலான ஆளு நீங்க" என்றான்.

மேவிஸும் சொன்னாள்: "உனக்கு எது பிடிக்குதோ அது கண்ணு."

கிளைவ் மனம் குளிர்ந்து, மரமோ கான்கிரீட்டோ எதுவானாலும் சரி என்று விண்ணப்பம் போட்டார். ஆட்சேபணை இருந்தால் எழுதச் சொல்லி விளக்குக்கம்பத்தில் நகரசபையின் மஞ்சள் அறிவிப்பு ஏறியது. சில நாளில் நகரசபையின் கட்டட அனுமதி அதிகாரி, திருவாளர் கிரிம்ஷா அவர்கள், குடையும் கோப்புமாக நேரில் எழுந்தருளினார். வேடிக்கை பார்க்க நானும் போய் நின்றேன்.

"கான்கிரீட்டுக்கு வலப்பக்கமும் பின்பக்கமும் ஆட்சேபணை. மரத்துக்கு இடப்பக்கம் ஆட்சேபணை, தீப்பிடிக்குமாம்" என்றார்.

"எல்லாரும் நல்லாயிருக்கும்னாங்களே சார்?" என்றார் கிளைவ்.

"உங்ககிட்டதானே சொன்னாங்க? எங்ககிட்ட உண்மையைச் சொல்லணும்ல!"

பிறகு கிரிம்ஷா ஆழ்ந்து யோசித்து, மேலான பரிசீலனைக்குப் பின் தீர்ப்பு வழங்கினார். எந்தச் சுவரை எவர் பார்க்கிறாரோ அந்தச் சுவர் அவர் விருப்பப்படி. வலப்புறமும் பின்புறமும் மரம். இடப்புறம் கான்கிரீட். கிளைவின் சமையலறையைப் பார்த்த முன்புறமும், இரண்டுக்கு இரண்டு என்று கணக்கு சரியாக, கான்கிரீட். கூரை ஆகாயத்தை நோக்கியிருப்பதாலும், மேற்படி திசையிலிருந்து ஆட்சேபணை ஏதும் வரப்பெறாததாலும், அது விண்ணப்பதாரர் இஷ்டம்.

"கதவு எங்க சார் வைக்கிறது?"

"கதவுக்குத் தனி விண்ணப்பம். ஷெட் கட்டி முடிச்சதும் போடுங்க. இல்லாத ஷெட்டுக்கு நாங்க எப்படிக் கதவு தர முடியும்?"

கிளைவ் மறுநாளே வேலையைத் தொடங்கினார்.

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. மூன்று சுவர் எழுந்ததுமே எந்திரம், உளிகள், பாதி முடிந்த தொட்டில் எல்லாவற்றையும் கிளைவ் உள்ளே கொண்டுபோய் வைத்தார். மேவிஸ் மேஜையைத் துடைத்து வெள்ளைத்துணி விரித்தாள். நான்காவது சுவரும் எழுந்தது, கூரையும் ஏறியது. கிளைவ் அன்றைக்கே கதவுக்கு விண்ணப்பித்தார்.

கிரிம்ஷா மறுபடி வந்தார். ஷெட்டைச் சுற்றி நடந்து மெச்சிக்கொண்டார். பிறகு சொன்னார்: "கதவு நாலு பக்கமும் நிராகரிக்கப்படுது. வலப்பக்கம் சத்தம், இடப்பக்கம் தூசி, பின்பக்கம் தியானத்துக்கு இடைஞ்சல்."

"முன்பக்கம் என் வீடுதானே சார்?"

"அங்கேயிருந்தும் வந்திருக்கு. சமையலறைக்குள்ள மரத்தூளை மிதிச்சுக்கிட்டு வருவாராம்."

கிளைவ் மெல்லத் திரும்பி மேவிஸைப் பார்த்தார்.

"உன் மனசு நோகும்னுதான் உன்கிட்ட சொல்லலை கண்ணு" என்றாள் மேவிஸ்.

"அப்போ ஒரு பலகையைப் பிரிச்சு எடுத்துக்கிறேன் சார். தொட்டிலாவது..."

"அனுமதி பெற்ற சுவரைப் பிரிச்சா அது இடிப்பு. இடிப்புக்குத் தனி அறிவிப்பு. அக்கம்பக்கத்தைக் கேட்கணும்" என்று கிரிம்ஷா குடையை விரித்தார்.

விருந்து தடபுடலாக நடந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஜன்னல் வழியாக ஷெட்டைப் பார்த்து, அடடா, எவ்வளவு அமைதியான பட்டறை என்று புகழ்ந்தார்கள். சத்தமில்லை, தூசியில்லை, உள்ளே போய்த் தொலையும் கணவனுமில்லை. ஜாஸ்பர் அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டு, 'மூடிய எளிமை' என்று பெயரும் சூட்டினான். தை பிறப்பதற்குள் தெருவில் கதவில்லாத ஷெட்டுக்கு மூன்று விண்ணப்பங்கள் விழுந்தன.

வசந்தத்தில் பேத்தி பிறந்தாள். மருமகன் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தொட்டிலை அட்டைப்பெட்டியில் வாங்கிவந்து, திருகாணி போட்டு மாட்டினான். "எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டானாம். கிளைவ் அதை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லாயிருக்குப்பா" என்றாராம். இதை என்னிடம் சொன்னபோது மேவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாவம், அந்த மனிதர்.

இதற்கிடையில் என் மிருதங்கத்தை வீட்டைவிட்டு வெளியேற்றுவதென்று என் மனைவி தீர்மானித்துவிட்டாள். நானும் ஒரு ஷெட்டுக்குப் படம் வரைந்தேன், சாதகம் செய்யத் தோதாகப் பெரிய கதவோடு. ஒரு மரியாதைக்குக் கிளைவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தார். கதவின்மேல் விரலை வைத்துத் தடவினார். பிறகு என் தோளைத் தட்டி வாய் நிறையச் சிரித்தார்.

"ரொம்ப நல்லாயிருக்கு. அருமை. உன் இஷ்டம்ப்பா!"

இருபது வருஷமாக இந்த ஊரில் குடியிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் ரப்பரை எடுத்து முதல் வேலையாகக் கதவை நானே அழித்துவிட்டேன்.