பதினேழாம் நம்பர் கை

அட, அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்! இந்த உலகத்துல எத்தனையோ ஆராய்ச்சி நடந்திருக்கு. ஆகாசத்துக்கு ராக்கெட் விட்டுப் பாத்துட்டாக, கடலுக்கு அடியில போயும் பாத்துட்டாக. ஆனா ஆளோட மூஞ்சிய ஒரு தடவைகூடப் பாக்காம, வாயிலேர்ந்து ஒரு வார்த்தைகூடக் கேக்காம, வெறும் கைய மட்டும் பாத்து நடந்த மகத்தான ஆராய்ச்சி அறுபத்தி ரெண்டாம் வருசம் நம்ம திண்டுக்கல்லுலதான் நடந்துச்சு. அதுல பதினேழாம் நம்பர் கை சோலையம்மாளோடது. ஒரு கை இல்ல, ரெண்டு கையும்.

சோலையம்மா பூ மார்க்கெட்ல மூணாவது வரிசையில கடை போட்டிருந்தா. அவ வெரலு மல்லியத் தொட்டா நாரு தானாச் சுத்திக்கிரும், அம்புட்டு வேகம். ஒரே ஒரு கொறை. ரெண்டு முழங்கையிலயும் செவப்பா, தடிப்பா ஒரு படை. மேல வெள்ளிப்பொடி மாதிரி செதில் உதிரும். பதினோரு வருசமா இருக்கு, போகல. டாக்டருக இங்கிலீசுல 'சொரியாசிஸ்'னாக. மார்க்கெட்ல அதுக்கு வேற பேரு வச்சாக. அந்தப் பேரை நான் சொல்ல மாட்டேன். நீங்களே யூகிச்சுக்கிருங்க.

வாங்க வர்றவுக சும்மா இருப்பாகளா? "ஏக்கா, இது உதிரி மல்லியா, ஒன் உதிரியா?"ன்னு ஒருத்தி கேட்டா, நாலு பேரு சிரிப்பாக. சோலையம்மாளும் சிரிச்சுக்கிட்டே முந்தானைய இழுத்து முழங்கைய மூடிக்கிருவா.

புரட்டாசி மாசம் பூக்கடைச் சங்கத் தலைவர் பெருமாள்சாமி கடை முன்னாடி வந்து நின்னாரு.

"ஏ சோல, நான் ஒண்ணும் சொல்லல. ஜனங்க சொல்றாக. தை முகூர்த்தம் வாரதுக்குள்ள கையச் சரி பண்ணு. இல்லேன்னா எடத்தக் காலி பண்ணிரு."

"இது ஒட்டாதுண்ணே!"

"ஒட்டுதா ஒட்டலையாங்கிறது வேற விசயம். ஒட்டும்னு நெனைக்கிறாகல்ல? அந்த நெனப்பு ஊரு பூரா ஒட்டிருச்சு."

அந்த நேரம் பாத்து, கடவுளு அனுப்புன மாதிரி வந்து எறங்குச்சு 'மதுரை ஜில்லா சருமச் செழிப்பு ஆராய்ச்சிக் கழகம்'. பழைய பருத்திக் கிட்டங்கி ஒண்ண வாடகைக்குப் புடிச்சு, வெள்ளையடிச்சு, போர்டு மாட்டுனாக. கெட்டடத்தவிட போர்டு பெருசு. தலைவர் டாக்டர் பொன்னுத்துரை. சீமையில ஆறு மாசம் இருந்துட்டு வந்தவரு. அங்க குளிருக்குப் போட்ட கோட்டை நம்ம ஊரு வெயில்லயும் கழட்டல. கொள்கைன்னா அதுல்ல கொள்கை!

சீமையில ஒரு புதுக் களிம்பு கண்டுபிடிச்சிருக்காகளாம். தடவுனா படை போயிருமாம். போகுதா போகலையான்னு இருபத்தி நாலு பேரு மேல பன்னெண்டு வாரம் தடவிப் பாக்கணும். முறை என்னன்னு கேளுங்க, மெய் சிலிர்த்துப் போயிருவீக. ஒவ்வொருத்தருக்கும் வாராவாரம் ரெண்டு ட்யூபு. ஒண்ணுல 'வலது', ஒண்ணுல 'இடது'ன்னு எழுதியிருக்கும். ஒரு ட்யூபுல நெச மருந்து, இன்னொண்ணுல மருந்தே இல்லாத வெறும் மெழுகுக் களிம்பு. எதுல எதுன்னு நோயாளிக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. அந்த ரகசியம் அரக்கு வச்ச கவருக்குள்ள, கவரு பெட்டிக்குள்ள. பெட்டிக்கு ரெண்டு பூட்டு. ரெண்டும் நம்ம ஊரு பூட்டு. சாவி கையில இருந்தாலே யோசிச்சு யோசிச்சுத்தான் தெறக்கும்.

இதுக்குப் பேரு 'ரெட்டைக் குருட்டு முறை'. மத்த டாக்டருக இம்புட்டோட நிறுத்திக்கிருவாக. நம்ம பொன்னுத்துரை நிறுத்துவாரா? "மூஞ்சியப் பாத்தா எரக்கம் வரும். எரக்கம் வந்தா மார்க்கு மாறிரும்"னு சொல்லி, ஒரு கறுப்புத் திரையக் கட்டி, அதுல ரெண்டு ஓட்டை போட்டுட்டாரு. நோயாளி அந்தப் பக்கம் நின்னு ரெண்டு கையையும் ஓட்டை வழியா நீட்டணும். இவரு இந்தப் பக்கம் உக்காந்து மார்க் போடுவாரு.

சோலையம்மா மொத நாளு கைய நீட்டுனா.

"நம்பர்?"

"பதினேழுங்கய்யா. எம் பேரு சோலை..."

"பேரு கூடாது! பேரு தெரிஞ்சா பாரபட்சம்! மொக்கைச்சாமி, எழுதுய்யா. வலது: செவப்பு மூணு, தடிப்பு மூணு, செதில் நாலு."

"நாலுக்கு நாலு"ன்னு பூரிச்சுப்போய் எழுதுனாரு குமாஸ்தா மொக்கைச்சாமி.

மூணு வாரம் போச்சு. ஒரு நாளு காலையில சோலையம்மா கைய உதறிப் பாக்கிறா, வலது முழங்கை நெசமாவே பளபளன்னு வந்திருக்கு! இடது அப்படியே கெடக்கு. ஓடுனா கழகத்துக்கு. திரை ஓட்டையில வாய வச்சு, "அய்யா, வலது ட்யூபு மருந்தையே இடதுக்கும் குடுங்கய்யா"ன்னு கேட்டா.

"அம்மா, அப்படிக் குடுத்தா ஆராய்ச்சி செத்துரும்!"

"தைக்குள்ள ரெண்டு கையும் சரியாகலேன்னா என் கடை செத்துருமேய்யா! ஒத்தைக் கையால பூக் கட்டவா?"

"ஒங்க இடது கை உலகத்துக்குச் செய்யிற சேவை அது. பெருமைப்படுங்க."

சோலையம்மா பெருமைப்பட்டுக்கிட்டே வெளிய வந்தா. எதுத்த டீக்கடையில ஒரே கூச்சல். மத்த நோயாளிக எல்லாம் சட்டைய மடிச்சு முழங்கையக் காட்டிக்கிட்டு நிக்கிறாக. தோல் கடை நூர் முகமது பாய்க்கும் வலதுதான் சொகமாயிருக்கு. சாணார்பட்டி வேலுசாமிக்கு இடது. முத்துப்பேச்சி மாதிரி ஆறு பேருக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணும் வெளங்கல.

"நல்ல ட்யூப மட்டும் ரெண்டு கைக்கும் தடவிக்கிருவோம்"னாரு பாய்.

"எங்க ஆறு பேருக்கு எது நல்லதுன்னே தெரியலையே! நாங்க மனுசங்க இல்லையா?"ன்னு முத்துப்பேச்சி எகிறுனா.

வேலுசாமி தொண்டையச் செருமுனாரு. ஊருல கெடா வெட்டுனா கறியப் பங்கு போடுறவரு அவருதான். "இதுக்குப் போயி ஏன்ப்பா சண்டை? கெடா வெட்டுனா எப்படிக் கூறு போடுவோம்? ஈரலு ஒருத்தனுக்கு, எலும்பு ஒருத்தனுக்குன்னு குடுத்தா ஊரு விடுமா? ஈரலு, கொழுப்பு, எலும்பு எல்லாத்தையும் கலந்து ஒண்ணுபோல கூறு வைப்போம். யாரும் கொறை சொல்ல முடியாது. இதையும் அப்படியே செஞ்சுருவோம்."

ஆகா! அந்த நிமிசம் அங்க இருந்த இருபத்தி நாலு பேருக்கும் கண்ணு தெறந்துச்சு. பாய் வீட்டுலேர்ந்து பிரியாணி தேக்சா வந்துச்சு. அவரு சம்சாரம் தாஹிரா வாசப்படியில நின்னு, "ஏங்க, நாளைக்கு இதுலதான் சோறாக்கணும், ஞாவகம் இருக்கா?"ன்னு கேட்டதை யாரும் காதுல வாங்கல. நாப்பத்தெட்டு ட்யூபையும் புழிஞ்சு, துடுப்பு போட்டுக் கிண்டி, சிரட்டை சிரட்டையாக் கூறு வச்சாரு வேலுசாமி. "இந்தக் கூறுல ஒரு சொட்டு கொறையுது"ன்னு முத்துப்பேச்சி சொல்ல, ஒரு சொட்டு கூடப் போட்டாரு. வாராவாரம் இதே கூத்து. காலி ட்யூபுக ஒழுங்காத் திரும்பிப் போச்சு. "நூத்துக்கு நூறு ஒத்துழைப்பு! சீமையிலகூட இப்படிப்பட்ட நோயாளிக கெடையாது!"ன்னு டாக்டரு கண்ணத் தொடச்சுக்கிட்டாரு.

ஆனா சோலையம்மாளுக்கு மனசு கேக்கல. நம்மள நம்பி ஒருத்தரு கோட்டுக்குள்ள வேர்த்துக்கிட்டு உக்காந்திருக்காரு, சொல்லிருவோம்னு நெனச்சா.

"அய்யா, ஒரு சங்கதி. நாங்க அந்தக் களிம்பை எல்லாம் ஒண்ணாக் கல..."

"நிறுத்து! எனக்கு ஒண்ணும் தெரியக் கூடாது! மொக்கைச்சாமி, பஞ்சு!"

ரெண்டு காதுலயும் பஞ்சை அடைச்சுக்கிட்டாரு. இப்பத்தான் ஆராய்ச்சி பரிபூரணமாச்சு. கண்ணு தெரியாது, காதும் கேக்காது.

அடுத்த வாரம் மொக்கைச்சாமிகிட்ட சொன்னா. அவரு ரிஜிஸ்தரப் புரட்டிப் புரட்டிப் பாத்தாரு. "எங்கம்மா எழுதுறது? செவப்புக்குக் கட்டம் இருக்கு. தடிப்புக்கு இருக்கு. செதிலுக்கு இருக்கு. நோயாளி சொன்னதுக்குக் கட்டம் இல்லையே!"

"ஓரத்துல எழுதுங்கண்ணே."

"ஓரத்துல எழுதுனா ஆடிட்ல மாட்டிக்கிருவேன்."

பன்னெண்டு வாரம் முடிஞ்சுச்சு. மார்கழிக் கடைசியில சோலையம்மாளோட ரெண்டு முழங்கையும் தொடச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. பெருமாள்சாமி கண்ணாடியப் போட்டு, கழட்டி, துணியில தொடச்சு, மறுபடி போட்டுப் பாத்தாரு. "சரி, இரு"ன்னாரு. தை பொறந்துச்சு. பதினோரு வருசத்துல மொத தடவையா சோலையம்மா முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டு, முழங்கை தெரியத் தெரியப் பூக் கட்டுனா. யாரும் ஒண்ணும் கேக்கல. அவளாத்தான் ஒவ்வொருத்தருகிட்டயும் கையத் திருப்பித் திருப்பிக் காட்டுனா. "அட, பூவக் குடும்மா மொதல்ல"ன்னு திட்டு வாங்குனா. அந்தத் திட்டுக்கு அம்புட்டுச் சிரிப்பு அவளுக்கு.

கழகத்துல ரெண்டு பூட்டையும் ஒடச்சுக் கவரப் பிரிச்சாக. கூட்டிக் கழிச்சாக. மருந்து தடவுன கையும் சொகம், மெழுகு தடவுன கையும் சொகம். நூல் எழை வித்தியாசம் இல்ல! டாக்டரு எந்திரிச்சு நின்னாரு.

"பெரியோர்களே! சீமை மருந்தும் வெறும் மெழுகும் ஒண்ணுதான்னு நிரூபிச்சிட்டேன்! இனிமே எதுக்குச் சீமை மருந்து? மெழுகே போதும்!"

கைதட்டல். 'சீமைக் களிம்பைத் திருப்பி அனுப்புவது என்றும், இனி மெழுகுக் களிம்பு மட்டுமே வழங்குவது என்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' ஏகமனசுன்னா என்ன? இருந்தது ஒரு மனசு, அதுவும் கோட்டுக்குள்ள இருந்துச்சு.

மாசி பொறந்துச்சு, செதிலும் பொறந்துச்சு. மெழுகைத் தடவத் தடவ, படை அதுமேல ஜம்முன்னு உக்காந்துருச்சு. சோலையம்மா ஓடிப் போயி கைய நீட்டுனா.

"அய்யா, திரும்ப வந்திருச்சுய்யா!"

"வரக் கூடாதே! அறிக்கையில வராதுன்னுல்ல போட்டிருக்கு!"

"கையப் பாருங்கய்யா."

"ஆராய்ச்சி முடிஞ்சிருச்சும்மா. ஒங்க கை இப்பக் கணக்குல இல்ல."

மார்க்கெட்ல பெருமாள்சாமி வந்து நின்னாரு. அவரு கெட்டவரு இல்ல, தலைவரு, அம்புட்டுத்தான். எடத்தக் காலி பண்ணச் சொல்லாம ஒரு வழி சொன்னாரு: "ஞாயித்துக்கெழம ஒங்க டாக்டருக்குப் பாராட்டு விழா நடக்குதுல்ல? நீயே மாலை கட்டு. நீயே மேடையேறிப் போடு. அம்புட்டுப் பெரிய டாக்டரே ஒன் கையால மாலை வாங்கிக்கிட்டாருன்னா, ஒட்டாதுன்னு ஊரே நம்பிரும். கடை ஒனக்குத்தான். நான் வாக்குக் குடுக்கிறேன்."

சோலையம்மாளுக்குத் தலகால் புரியல. சம்பங்கியும் ரோசாவும் வச்சு, ஆளு ஒசரத்துக்கு ஒரு மாலை கட்டுனா. அப்படி ஒரு மாலை அந்த மார்க்கெட்டுலேர்ந்து அதுவரைக்கும் வெளிய போனதில்ல.

விழாவுல கூட்டம்னா கூட்டம், அப்படிக் கூட்டம். புளியமரத்துல கட்டுன ஒலிபெருக்கி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குது. டாக்டரு பேசுறாரு: "இந்த நோய் ஒட்டாது! தொட்டாலும் ஒட்டாது! கட்டிப் புடிச்சாலும் ஒட்டாது! ஒட்டும்னு பயப்படுறவன் மூடன்! நோயாளிகள ஒதுக்குறவன் மனுசனே இல்ல!"

பெருமாள்சாமி மொத வரிசையில உக்காந்து தலைய ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுறாரு. மேடைக்குப் பக்கத்துல நின்ன சோலையம்மாளுக்குக் கண்ணு கலங்கிருச்சு. மாலையத் தூக்கிக்கிட்டு ஏறுனா.

டாக்டரு அவ மூஞ்சிய மொத மொதலாப் பாத்தாரு. யாருன்னு தெரியல. கொஞ்சம் கீழ பாத்தாரு. முழங்கை.

"பதினேழு!"

ரெண்டு எட்டுப் பின்னால வச்சாரு. "மொக்கைச்சாமி, நீ வாங்குய்யா. என் மேல படாம வாங்கு"ன்னு மெல்லமாத்தான் சொன்னாரு. மைக்குதான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிருச்சு.

"ஒட்டாதுன்னு இப்பத்தானேய்யா பேசுனீக?"

"அது... பொதுவாச் சொன்னதும்மா. இது என் சொந்தக் கழுத்து."

சோலையம்மா மைக்கப் புடிச்சா. தேக்சாவுல கலந்தது, கூறு வச்சது, பஞ்சு வச்சு அடைச்சது, ஓரத்துல எழுத மாட்டேன்னது, ஒண்ணு விடாம ஊருக்கே சொன்னா. டாக்டரு வாயப் பொளந்து கேட்டாரு. கேட்டு முடிச்சிட்டுக் கோவமாக் கேட்டாரு: "இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

கூட்டம் சிரிச்ச சிரிப்புல வத்தலக்குண்டு பஸ்ஸு கிளம்பாம நின்னு பாத்துச்சாம். நூர் முகமது பாய் மேடையேறி வந்து, "தங்கச்சி, எனக்குப் போடுத்தா"ன்னு கழுத்த நீட்டுனாரு. போட்டா. கைதட்டுனாக. எல்லாரும்தான் தட்டுனாக, பெருமாள்சாமி உட்பட.

மறுநாள் காலையில மூணாவது வரிசையில அவ எடத்துல வேற ஒருத்தி உக்காந்து கனகாம்பரம் கட்டிக்கிட்டிருந்தா. "என்ன பண்ணச் சொல்ற சோல? டாக்டரே பின்னால போயிட்டாரே!"ன்னாரு பெருமாள்சாமி.

படைக்காவது சீமையில மருந்து இருக்கு, சொல்லி அனுப்புனா கப்பல்ல வந்துரும். டாக்டரு பின்னால வச்சாரே ரெண்டு எட்டு, அந்த நோவு மேடையிலேர்ந்து எறங்கி ஒரே ராத்திரியில மார்க்கெட் பூரா ஒட்டிருச்சே, அதுக்கு யாரு மேல, எந்தக் களிம்பத் தடவிப் பாக்கலாம்? நீங்க என்ன நெனைக்கிறீக, சொல்லுங்க?